பகலில் சொன்ன கதை

பகலில் கதை சொன்னால் மாமா வழி தவறிப் போய்விடுவார். மாமா என்றால் அம்மாவுடன் பிறந்தவர். என் கதை நோட்டில் இது நான்கு இடங்களில் இருக்கிறது. ஜார்க்கண்ட் பெண் சொன்னாள், பீகார் பெண் சொன்னாள், சத்தீஸ்கர் பெண் சொன்னாள், ஒடிசாவின் மேற்கோரத்திலிருந்து வந்தவளும் சொன்னாள். நான்கு பேரும் வெவ்வேறு மாதங்களில், ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குத் தெரியாமல் சொன்னார்கள். அப்படி ஒத்துப்போகும் இடங்களில் பச்சை மையால் அடிக்கோடு போடுவது என் வழக்கம். இதற்கும் நான்கு முறை போட்டிருக்கிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மத்திகிரியில் ஒரு பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். செல்போன் பாகங்களைப் பொருத்தும் ஒரு கம்பெனி தன் பெண் தொழிலாளர்களுக்காக வாடகைக்கு எடுத்து நடத்தும் கட்டடம். மூன்று மாடி, முப்பத்தாறு அறை, அறைக்கு ஆறு கட்டில். பாதிப் பேர் தர்மபுரி, திருவண்ணாமலை, திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள். மீதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். நானும் திண்டுக்கல் பக்கம்தான். கணவர் வேலைக்காக ஓசூர் வந்து, அவர் காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன்.

பதினெட்டு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதுவேன். விடுதியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டால் இரண்டு பக்கத்துப் பேச்சையும் அவரவர் சொன்னபடியே எழுதுவேன். என் அபிப்பிராயத்தை அடைப்புக்குறிக்குள் தனியாக எழுதுவேன். கம்பெனியில் ஏதாவது பிரச்சினை வந்தால் என் டைரியைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

கதை நோட்டு தனி. ஒரு ஞாயிறு மாலை மின்சாரம் போய் எல்லோரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது அது தொடங்கியது. அசாம் பெண் ஒருத்தி தன் ஊர்க் கதையைச் சொன்னாள். சித்தி கொன்று புதைத்த பெண் சுரைக்கொடியாக முளைக்கிறாள், காயைப் பறிக்க வருகிறவர்களிடம் பறிக்காதே என்று பேசுகிறாள். தர்மபுரிப் பெண் நடுவில் குறுக்கிட்டாள்.

"ஏ, இது எங்க ஊர்க் கதை. எங்கூர்ல சொரக்கா இல்ல, பூச்செடி. நீ எங்கிருந்து எடுத்துகினு போன?"

சமையல்கார அம்மா மத்திகிரிக்காரர், வீட்டில் பேசுவது கன்னடம். "ரெண்டு பேரும் திருடிங்கோ. அது எங்க கதை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கீழே போய் ஒரு புது நோட்டை எடுத்துவந்து எழுதத் தொடங்கினேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் விளக்கு வைத்த பிறகு மாடியில் கூடினோம். விளக்கு வைத்த பிறகுதான் என்பதில் வடக்கத்திப் பெண்கள் உறுதியாக இருந்தார்கள். மாமா விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. தமிழ்ப் பெண்கள் அதை வைத்துப் பாடாய்ப் படுத்தினார்கள்.

"எங்க மாமா தண்ணி போட்டாத்தான் வழி தப்புவாரு. அதுக்குக் கதை எதுக்கு?"

"எனக்கு மூணு மாமா. ரெண்டாவது மாமா தொலைஞ்சா தேவலாம். எப்பிடி, பேரைச் சொல்லிட்டுக் கதையை ஆரம்பிக்கணுமா?"

நோட்டில் பெயர்கள் எழுதுவதில்லை. அறை எண், கட்டில் எண், ஊர், மொழி, தமிழில் எடுத்துச் சொன்னவள் யார், இவ்வளவுதான். பதினேழாம் அறை நான்காம் கட்டில் என்று எழுதியிருப்பது நான் சொல்ல வந்த பெண்ணைத்தான். ஜார்க்கண்டில் காட்டோரத்துக் கிராமம். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. லைனில் நின்று வேலை செய்தபடியே தமிழ் கற்றுக்கொண்டவள். அவள் கதை சொல்லும்போது கையை ஆட்டமாட்டாள், முகத்தைக் கோணமாட்டாள். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குரலில் மட்டும் சொல்வாள். அவள் சொன்னால் கைப்பேசி பார்க்கிறவளும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

அவள் கதைகளில் சிறந்தது குளத்துக் கதை. ஏழு அண்ணன்மார் ஒரு குளம் வெட்டுகிறார்கள். தண்ணீர் வரவில்லை. உங்கள் தங்கையைக் கொடுத்தால் வரும் என்று ஒருவன் சொல்கிறான். அண்ணன்மார் தங்கைக்குப் புதுப் புடவை கட்டி, கையில் குடத்தைக் கொடுத்து, தண்ணீர் மொண்டு வா என்று அனுப்புகிறார்கள். அவள் கால் வைத்ததும் ஊற்றுத் திறக்கிறது. அண்ணா, கணுக்கால் நனைகிறது, குடம் நிறையவில்லை என்கிறாள். அண்ணன் இன்னும் கொஞ்சம் உள்ளே போ என்கிறான். முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து. பிறகு அங்கே ஒரு தாமரை பூக்கிறது. அண்ணன்மார் பறிக்கப் போனால் பூ விலகி விலகிப் போகிறது. கடைசியில் பெண்ணின் மாமா தேடி வருகிறார். கரையில் நின்று கூப்பிடுகிறார். பூ தானாக அவர் கைக்கு வருகிறது. சமையல்கார அம்மா இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏரிக்கு மருமகளைக் கொடுத்த கதை தங்கள் பக்கமும் உண்டு என்றும், ஆனால் அதில் மாமா வருவதில்லை என்றும் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

அவளுக்கு அப்பா இல்லை. அவளையும் அவள் அம்மாவையும் வைத்துக் காப்பாற்றியது மாமா. இரண்டு வருடம் வேலைக்குப் போய்வரலாம் என்று அனுமதி கொடுத்தவரும் அவர்தான். இரண்டு வருடம் முடிந்ததும் திரும்பி வா என்று சொல்லிவிட்டார். அவளுக்குத் திரும்ப மனமில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவளை லைன் லீடர் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். தபால் வழியில் பி.ஏ. முதல் வருடம் எழுதியிருந்தாள். நீங்கள் ஒரு முறை வந்து நான் இருக்கும் இடத்தைப் பாருங்கள், பார்த்துவிட்டு வா என்றால் வந்துவிடுகிறேன் என்று மூன்று மாதம் போனில் கெஞ்சி, அந்த மனிதரைச் சம்மதிக்க வைத்தாள். அவர் தன் மாவட்டத்தைத் தாண்டியதே இல்லையாம்.

அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவள் தயாரானாள். கட்டிலுக்கு அடியில் பெருக்கிக் கழுவினாள். பயிற்சிக்குத் தேர்வான கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், நோய் வந்தால் படுக்கும் அறை, வாசல் கேமரா என்று என்னென்ன காட்ட வேண்டும் என ஒரு பட்டியல் எழுதி என்னிடம் காட்டினாள். ஆண்களை மாடிக்கு விடுவதில்லை. அவருக்கு மட்டும் கால் மணி நேரம் என்று நான் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரிதான்.

அவர் வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனியில் கலை விழாவும் வந்தது. எங்கள் விடுதியோடு சேர்த்து நான்கு விடுதிகளுக்குப் போட்டி. எச்.ஆர். பையன் கோயம்புத்தூர்க்காரன். "எல்லாரும் சினிமாப் பாட்டுக்கு ஆடறாங்க மேடம், நீங்களாவது வித்தியாசமா ஒண்ணு குடுங்க" என்றான். எனக்குக் குளத்துக் கதைதான் தோன்றியது. அவள் தமிழிலேயே சொன்னால் மேலதிகாரிகள் அசந்துபோவார்கள். கதை நோட்டைப் பற்றி நாலு பேர் கேட்பார்கள் என்றும் தோன்றியது. இதை மறைப்பதற்கில்லை.

சனிக்கிழமை மாலை, சாப்பாட்டுக் கூடத்தில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் உடனே தலையாட்டி மறுத்தாள்.

"வேற ஆளு போடுங்க மேடம். பகல்ல நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"மாமா டிரெயின்ல இருக்காரு."

நான் சிரித்துவிட்டேன். "டிரெயின் தண்டவாளத்துல போகுது புள்ள. அது எப்பிடி வழி தப்பும்? உன் கதையைக் கேட்டுக்கிட்டா டிரைவர் ஓட்டுறாரு?"

சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஸ்டேஷன் போகணும் மேடம். பதினொண்ணே காலுக்கு வர்றாரு. பெங்களூர்ல இறங்கி வேற டிரெயின் மாறி வர்றாரு. அவருக்கு இந்த எடம் பேரே தெரியாது."

"வேன் அனுப்புறேன். அந்த டிரெயின் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? உன் போனை எங்கிட்ட குடு. இறங்கினதும் அவரு கூப்பிடட்டும். நான் எடுத்துப் பேசிட்டு டிரைவருக்குச் சொல்றேன். எனக்குத்தான் இந்தி வருமே."

"பக்கா, மேடம்?"

"பக்கா."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் ஊர் மாதாகோயிலில் புனிதர் சந்தியாகப்பர் குதிரைமேல் இருப்பார். இரவில் அவர் ஊரைச் சுற்றிக் காவல் போகிறார் என்று சொல்வார்கள். திருவிழாக் காலத்தில் குதிரைக்குக் கொள்ளு வைப்போம். ஒரு ஞாயிறு மாடியில் நான் இதைச் சொன்னபோது இதே பெண்தான், "நீங்க கொள்ளு வெச்சீங்களா மேடம்?" என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். "குதிரை தின்னுச்சா?" காலையில் கொள்ளு இருக்காது என்றேன். அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

விழா கம்பெனிக் கேன்டீனில் நடந்தது. பதினொன்று இருபதுக்கு எங்கள் முறை. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து என் கைப்பேசியில் கதையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அவளுடைய கைப்பேசி என் மடியில் இருந்தது. அவள் மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல் மடியில் கைவைத்து, உடைந்த தமிழில் தொடங்கினாள். அறுநூறு பேர் இருந்த கேன்டீன் இரண்டாம் நிமிடத்தில் அடங்கிவிட்டது. தங்கைக்கு முழங்கால் வரை தண்ணீர் வந்த இடத்தில் என் மடியிலிருந்த கைப்பேசி மணியடித்தது. ஏதோ ஒரு ஜார்க்கண்ட் பாட்டு, பெரிய சத்தம். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. திரையில் மாமா என்று இந்தியில் இருந்தது. அந்த அளவுக்கு எனக்குப் படிக்க வரும்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சத்தத்தை நிறுத்தி வைத்தேன். பதிவு கெட்டுவிடக் கூடாது, கதை முடிந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம், பத்து நிமிடம்தானே என்று நினைத்தேன். என் பதிவில் அந்தப் பாட்டு இரண்டு நொடி கேட்கிறது. அதற்குப் பிறகு அவள் குரல் மட்டும்தான்.

கதை முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு மேலாளர் என்னிடம் வந்து, இந்தக் கதைகளை எல்லாம் நீங்களா சேகரிக்கிறீர்கள் என்று கேட்டார். நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பச்சைக் கோடுகளைக் காட்டினேன். ஒரே கதை அசாமிலும் தர்மபுரியிலும் எப்படி இருக்கிறது என்று விளக்கினேன். அவர் புகைப்படம் எடுத்துக்கொண்டார். பிறகு பரிசு, பிறகு சாப்பாடு. அவள் அருகில் வந்து, "மாமா கூப்பிட்டாரா மேடம்?" என்று கேட்டபோது மணி ஒன்று ஐம்பது.

"இன்னும் இல்ல போல" என்றேன். வாய் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் கைப்பையைத் திறந்தேன். திரையில் பதினான்கு அழைப்புகள் இருந்தன.

அவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். திருப்பிக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

"இங்க டவரே இல்ல புள்ள" என்றேன். அவள் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.

வேன் கேன்டீன் வாசலிலேயே நின்றிருந்தது. நான் சொல்வேன் என்று காத்திருந்த டிரைவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே யாரும் இல்லை. வாசல் டீக்கடைக்காரர்தான் சொன்னார். ஒல்லியாக ஓர் ஆள், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து போனையே அமுக்கிக்கொண்டிருந்தாராம். போன் அணைந்துவிட்டது போல, உதறி உதறிப் பார்த்தாராம். ஒன்றரை மணிக்கு இந்தி பேசும் கூலியாட்கள் சிலர் ஒரு மினி லாரியில் ஏறினார்களாம். அவர்களோடு ஏதோ பேசிவிட்டு அவரும் ஏறிப் போய்விட்டாராம்.

காவல் நிலையத்தில் புகார் எழுதினோம். எழுதிய ஏட்டு என்னைக் கேட்டார். "அந்தாளு போன் பண்ணலையாம்மா?"

"பண்ணியிருக்காருங்க. ஹால்ல டவர் கெடைக்கல."

இரண்டாம் முறையாகச் சொன்னேன். இந்த முறை அது காகிதத்தில் ஏறியது. கையெழுத்தும் போட்டேன். அவள் என் தோளை உரசியபடி நின்றிருந்தாள்.

மறுநாள் அந்த லாரி அஞ்செட்டிப் பக்கம் ஒரு ரோடு வேலைக்குப் போனது என்று தெரிந்தது. விசாரித்தால், அப்படி ஓர் ஆள் வந்தது உண்மை, இது கம்பெனி இல்லை என்று தெரிந்ததும் விடிந்தவுடன் நடந்தே கிளம்பிவிட்டார் என்றார்கள். எந்தப் பக்கம் போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

சமையல்கார அம்மா அதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஆனெ இருக்கற காடு மேடம் அது. பாஷெ தெரியாத மனுஷன் எங்கன்னு போவாரு?"

அந்த இரண்டு நாளும் பதினேழாம் அறைப் பெண் வேலைக்குப் போகவில்லை. என் அலுவலக அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வடக்கத்திப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வரும்போது அவளைச் சுற்றி நின்று தங்கள் மொழியில் மெதுவாகப் பேசினார்கள். பகல் என்ற சொல்லும் கதை என்ற சொல்லும் எனக்குப் புரிந்தன. கேலி செய்த தமிழ்ப் பெண்கள்கூட வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் அவள் என்னிடமே சொன்னாள்.

"நான்தான் மேடம். பகல்ல சொன்னேன்ல."

அவள் தலையில் கைவைத்து, "அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்ல புள்ள" என்றேன். என் குரலில் பலமே இல்லை. பலமாகச் சொல்லியிருந்தால், அப்படி இல்லை என்றால் வேறு எப்படி என்று யாராவது கேட்டிருப்பார்கள். சனிக்கிழமை நான் எதைப் பார்த்துச் சிரித்தேனோ, செவ்வாய்க்கிழமை அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றைய டைரியில் "வடக்கத்திப் பெண்கள் பயந்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறேன். சிவப்புப் பொத்தான் அந்த வாரம் முழுவதும் டைரியில் இல்லை.

மூன்றாம் நாள் காலை காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. அஞ்செட்டியைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில், கன்னடம் பேசும் ஒரு மாட்டுக்காரர் வீட்டில் அவர் இருந்தார். காட்டு வழியில் கால் பிசகி உட்கார்ந்திருந்தவரை அந்த வீட்டுக்காரர்தான் தூக்கிவந்து களியும் மோரும் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். இவர் சொன்னது அவருக்குப் புரியவில்லை, அவர் சொன்னது இவருக்குப் புரியவில்லை. காலையில் வரும் பஸ்ஸின் கண்டக்டருக்குக் கொஞ்சம் இந்தி தெரிந்ததால் விஷயம் வெளியே வந்தது.

வேனில் போய் அழைத்துவந்தோம். என்னைவிட வயது குறைந்தவர். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. மருமகளைப் பார்த்ததும் அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அவள் உச்சந்தலையைத் தொட்டுவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

விடுதிக்கு வந்ததும் என் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அவள் பட்டியலையும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்து வந்தாள். அவர் அதைக் கையில் வாங்கினார், பிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். அவள் என்னைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள்.

"மாமா சொல்றாரு, இங்க ஒரு ஆளு கூப்பிட்டா எடுக்கறதுக்கு ஆளு இல்ல. இந்த ஊர்ல பொண்ணை விடமாட்டேன்னு சொல்றாரு."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். எடுக்க ஆள் இருந்தது, அந்த ஆள் நான்தான், நான்தான் எடுக்கவில்லை. ஊரின் மேல் தப்பில்லை, கம்பெனி மேல் தப்பில்லை, உங்கள் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அவர் என்னைத் திட்டியிருப்பார். கம்பெனியில் விளக்கம் கேட்டிருப்பார்கள். வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். அவர் மாடிக்குப் போய்ப் பதினேழாம் அறையைப் பார்த்திருப்பார். நான் என்ன செய்தேன் என்றால், "கம்பெனி நல்ல கம்பெனிதான், பாதுகாப்பு இருக்கு" என்று என் இந்தியில் சொன்னேன். அவர் டீக் குவளையைக் கீழே வைத்தார்.

மறுநாள் மதியம் அவர்கள் கிளம்பினார்கள், ஸ்டேஷன் வரை நானும் வேனில் போனேன். விடுதியைக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கட்டத்தை நான் நிரப்பினேன். சொந்தக் காரணம் என்று எழுதினேன். அழகான கையெழுத்தில்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்கு யாரும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

தவக்காலத்தில் மாதாகோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், செய்த பாவங்களை வரிசையாகச் சொன்னேன். சிறியதும் பெரியதுமாக மற்றவற்றைச் சொன்ன பிறகு இதையும் சொன்னேன்.  சாமியார் கேட்டார்.

"இதை எங்கிட்ட சொல்றீங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களாம்மா?"

"இல்ல சாமி."

"சொல்லிட்டு வாங்க."

அதற்கும் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் எண்ணைத் திரையில் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு மூடினேன். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மேடம்! நல்லா இருக்கீங்களா? சமையல் அம்மா நல்லா இருக்காங்களா? இன்னும் சாம்பார்ல வெல்லம் போடறாங்களா?"

அவளை நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்று போன் வந்தது, நான்தான் துண்டித்தேன், சத்தத்தையும் நான்தான் நிறுத்தினேன், டவர் இருந்தது. கதைக்கும் மாமா வழி தவறியதற்கும் சம்பந்தமில்லை, நான்தான் காரணம். எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். தடுமாறக் கூடாது என்றுதான் எழுதினேன்.

அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது.

"தெரியும் மேடம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பதிமூணு மிஸ்டு கால். ஒண்ணு மட்டும் கட் பண்ண கால். அதுக்குக் குறி வேற மாதிரி இருக்கும். நாங்க செய்யற போன்தானே மேடம், எனக்குத் தெரியாதா?"

கேன்டீனில் அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றது நினைவுக்கு வந்தது. அப்படியானால் காவல் நிலையத்தில் என் பக்கத்தில் நின்றபோதும் அவளுக்குத் தெரியும்.

"அப்புறம் ஏன் புள்ள கதைதான் காரணம்னு சொன்ன?"

"எங்க பக்கத்துப் பொண்ணுங்க பதினோரு பேரு அங்க இருக்காங்க மேடம். வார்டன் போனை எடுக்கலன்னு மாமா ஊர்ல போய் சொன்னா எல்லாரையும் கூப்பிட்டுக்குவாங்க. கதைன்னு சொன்னா என்னோட முடிஞ்சிடும்." சற்று நிறுத்தினாள். "ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். மாமா டீ குடிக்கறப்ப பார்த்தேன். ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு ஸ்டேஷன்ல வேன்லேர்ந்து இறங்கறப்பவும் பார்த்தேன்."

 அவள் குரலில் கோபமில்லை. லைனில் ஒரு பாகம் ஏன் பொருந்தவில்லை என்று விளக்குகிறவள் போலச் சொன்னாள். ஊரில் இப்போது குழந்தைகளுக்குக் கதை சொல்ல அவளை யாரும் கூப்பிடுவதில்லையாம். பகலில் கதை சொன்னேன் என்று அவளே சொன்னதால், வழியெல்லாம் மாமா திட்டிக்கொண்டே வந்தாராம். உனக்குத் தெரியாதா, தெரிந்தே எப்படிச் சொன்னாய் என்று. இன்னும் யாராவது வந்தால், இவள்தான் என்னைக் காட்டில் விட்டவள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாராம்.

"மாமாகிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"நெஜமாவா? இங்கதான் இருக்காரு."

கைப்பேசி கை மாறும் சத்தம் கேட்டது. ஹலோ என்றார். என்னிடம் இருக்கும் இந்தி முழுவதும் விடுதியில் சேர்ந்தது. வரிசையில் வா, அடையாள அட்டை எங்கே, குழாயை மூடு, பத்து மணிக்கு விளக்கை அணை. அதில் இதைச் சொல்வதற்கான சொற்கள் இல்லை. நான் யார் என்று சொன்னேன். போன் என்றேன். நான் என்றேன். சாரி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, என்ன விஷயம், சொல்லுங்கள் என்றார். மறுபடியும் சாரி என்றேன். மறுபடியும் கை மாறும் சத்தம்.

"மேடம், அவருக்குப் புரியல. நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் அவருக்குச் சொல்றேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அவளுக்கு நான் செய்ததை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்பது அப்போது புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அங்கே இருவரும் காத்திருந்தார்கள்.

"அன்னைக்கு அவரு பதினொண்ணரை மணிக்குக் கூப்பிட்டாரு" என்றேன்.

அவள் தன் மொழியில் சொன்னாள். அவர் ம்ம் என்றார்.

"போன் என் மடியிலதான் இருந்துச்சு."

அதையும் சொன்னாள். இந்த முறை ம்ம் வரவில்லை.  நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். அடுத்த வரி அதில் தெளிவாக இருந்தது.

"மேல சொல்லுங்க மேடம்" என்றாள்.